குழாய்க்கு எதிரே போட்ட கட்டில்

அக்ஜமால் எதற்காக மறுபடியும் முக்காட்டு நுனியைக் கடித்துக்கொள்ளத் தொடங்கினாள் என்று அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். மரியாதைக்காக. மாமனார் மீதும் மாமியார் மீதும் அப்படி ஒரு மரியாதை. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மருமகளா என்று வாயைப் பிளப்பார்கள். அவளுடைய வாய்க்குள் என்ன நடக்கிறதென்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

யோலோத்தன் என்ற ஊரின் பக்கத்துக் கிராமங்களில் கல்யாணமாகி வருகிற பெண், முக்காட்டின் நுனியை முன்பற்களில் கவ்விக்கொண்டு வாயை மூடிக்கொள்வாள். மாமனார் மாமியார் முன்னால் பேச்சு கிடையாது, சிரிப்பு கிடையாது. ஒன்றிரண்டு பிள்ளை பிறந்த பிறகு மாமியார் ஓர் ஆட்டை அறுத்து, நாலு பேரைக் கூப்பிட்டு, அந்த நுனியைத் தன் கையாலேயே எடுத்துவிடுவாள். அக்ஜமாலுக்கும் அப்படித்தான் நடந்தது. மூத்த மகள் நடக்கப் பழகிய வருஷம் மாமியார் துவாக்பீபீ துணியை எடுத்துவிட்டு ஒரு வெள்ளி வளையலையும் கையில் மாட்டிவிட்டாள். அதற்குப் பிறகு மாமியாரோடு பேசலாம், வேண்டுமானால் சண்டையும் போடலாம். மாமனாரோடு மட்டும் பேச்சில்லை. அவரிடம் எதைச் சொல்வதானாலும் மாமியார் மூலமாகத்தான். அவர் கண்ணெதிரில் கொட்டாவி விடுவது, வாய் நிறையத் தின்பது, கொப்பளித்துத் துப்புவது இதெல்லாம் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத காரியங்கள்.

மாமனார் அமான்கெல்தி பொல்லாதவர் இல்லை. கால்வாய்க் கரையில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் கொட்டகையில் வேலை பார்த்தவர். விடியும் முன்னே போய் இருட்டிய பிறகு வருவார். வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் முற்றத்து மல்பெரி மரத்தடியில் பெரிய மரக்கட்டில் ஒன்றைப் போட்டு, கம்பளம் விரித்து, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். பச்சைத் தேநீர்க் கெண்டி அங்கேயே வரும், சோறு அங்கேயே வரும், கோடையில் தூக்கமும் அங்கேதான். குளிர்காலம் வந்தால் உள்ளே போய், அதே முற்றத்தைப் பார்த்த ஜன்னலோரம் உட்காருவார்.

கட்டிலுக்கு நேர் எதிரே, நாலு எட்டில், வீட்டுக்கு இருக்கிற ஒரே தண்ணீர்க் குழாய்.

இதுதான் விஷயம். இவ்வளவுதான் விஷயம். ஆனால் ஒருவர் ஓய்வாக உட்கார்ந்திருப்பதற்கும் இன்னொருவர் பல் ஆடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்குத் தோன்றப்போகிறது?

முதலில் கொஞ்ச நாள் அக்ஜமால் கூஜாவில் தண்ணீர் எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பல் விளக்கினாள். விடிகாலையில் மாட்டைக் கறக்க வேண்டும், தந்தூர் அடுப்பை மூட்ட வேண்டும், மாமனார் தொழுகை முடித்துக் கண்ணைத் திருப்பும்போது தேநீர் எதிரே இருக்க வேண்டும், பிள்ளைகளை எழுப்ப வேண்டும், பருத்திக் காட்டுக்கு ஓட வேண்டும். இதற்கு நடுவில் கூஜா, கொட்டகை, கொப்பளிப்பு. ஒரு நாள் தவறியது. பிறகு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் தவறியது. சாயங்காலம் என்றால் உடம்பே ஒத்துழைக்காது, சாய்ந்தால் போதும் என்றிருக்கும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுவாள். பல்லுக்காக இதுவரை யார் மெனக்கெட்டிருக்கிறார்கள்?

பிறகு ரத்தம் வந்தது. துப்பினால் சிவப்பு. பிரஷ் குத்திக் கிழிக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். புண்ணான இடத்தைத் தேய்க்கலாமா? தேய்ப்பதை அடியோடு நிறுத்திவிட்டு, மாதுளம்பழத் தோலைக் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரால் வாயை நனைத்தாள். துவர்ப்பு பட்டதும் இறுக்கினாற்போல் இருந்தது. ரத்தம் நின்றது மாதிரி இருந்தது. நோய் போய்விட்டது என்று நம்புவதற்கு அலுத்துப்போன மனுஷிக்கு அவ்வளவு போதும்.

வாடை வருகிறதென்று அவளுக்குச் சொன்னது இளைய மகள். ஒரு நாள் தலை பின்னிக்கொண்டே என்னவோ கேட்டாள் அக்ஜமால். பிள்ளை திரும்பாமலேயே சொன்னது.

"அம்மா, பேசாமப் பின்னு."

குழந்தை வெடுக்கென்று சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னது. அதுதான் அக்ஜமாலுக்குச் சுருக்கென்றது. புருஷன் பெகெஞ்ச் கொஞ்ச நாளாகவே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பதற்குக் கழுத்து வலிதான் காரணமா என்ற கேள்வியும் அப்போதுதான் எழுந்தது. லாரி ஓட்டுகிறவனுக்குக் கழுத்து வலிப்பது நியாயம்தான். ஆனால் வலி எப்போதும் ஒரே பக்கமாகவா வலிக்கும்?

மறுநாள் காலை, தேநீர் கொண்டுபோகும்போது, முக்காட்டு நுனியை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். எவ்வளவோ வருஷத்துக்கு முன்பு மாமியார் எடுத்துவிட்ட அதே நுனி. வெட்கத்தால்தான் வைத்தாள். ஊர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டது.

ஊர் கொண்டாடியதற்குக் குறைவே இல்லை. பக்கத்து வீட்டு ஒகுல்கெரெக் தன் மருமகளைத் திட்டும்போதெல்லாம் இந்த வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். விருந்துகளில் துவாக்பீபீயை மேலிடத்தில் உட்கார வைத்தார்கள். அவளும் விடவில்லை. "நான் எடுத்துவிட்ட துணிய அவளாவே திரும்ப எடுத்து வெச்சுக்கிட்டா. நான் சொல்லல. யாரும் சொல்லல," என்று, யாரும் கேட்காதபோதும் சொல்லுவாள். அந்த வார்த்தை காதில் விழும்போது அக்ஜமாலுக்குத் தரைக்குள் போய்விடலாமா என்றிருக்கும். ஆனால் வாய் துணிக்குள் இருந்தது. உண்மையைச் சொல்லாமலிருக்க அது வசதி.

இப்படியே நாலு வருஷம் ஓடிவிட்டது.

அந்த இலையுதிர்காலத்தில் கொழுந்தன் தோவ்லெத்துக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் வீட்டார் பேச வந்த அன்று அக்ஜமால் அடுக்களையில் அவசரமாக ஒரு வாய் ரொட்டியைக் கடித்தாள். ஓரத்து மொறுமொறுப்பான துண்டு. கீழ்வரிசை முன்பல் ஒன்று சாய்ந்து நிமிர்ந்ததை நாக்கு உணர்ந்தது. ரொட்டியை எடுத்துப் பார்த்தால் கடித்த இடத்தில் ரத்தம்.

ரொட்டி என்றால் அங்கே சாதாரணமா? கீழே விழுந்த துணுக்கையும் எடுத்துக் கண்ணில் ஒற்றி உயரத்தில் வைக்கிற ஜனங்கள். ரத்தம் பட்ட ரொட்டியைக் குப்பையில் போட முடியாது. நாய்க்குப் போடுவது அதைவிடப் பாவம். மாட்டுக்குக் கொடுக்கலாம், ஆனால் கொட்டகைக்குப் போக முற்றத்தைத் தாண்ட வேண்டும், முற்றத்தில் விருந்தாளிகள். மாவுப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். யாராவது எடுத்துவிட்டால் என்ற பயத்தில் திரும்ப எடுத்தாள். கடைசியில் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, தன் ரத்தத்தோடு தானே அதைத் தின்றாள். அவ்வளவு நாளாக வராத அழுகை அப்போது வந்தது.

அந்த வாரமே டாக்டரிடம் போனாள். கல்யாணத்துக்குத் துணி எடுக்க வேண்டும் என்று காரணம். கல்யாண வீட்டில் சந்தைக்குப் போகக் காரணத்துக்கா பஞ்சம்? பெகெஞ்ச் லாரியில் கொண்டுபோய் இறக்கிவிட்டான். எங்கே போகிறாள் என்று கேட்கவும் இல்லை.

பல் டாக்டர் மைஸா, ஐம்பதைத் தாண்டியவள். காலையிலிருந்து வாய்களைப் பார்த்துப் பார்த்துக் கண்ணடியில் கருவளையம். அக்ஜமால் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் துணி நுனியை விடவில்லை. டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே காத்திருந்தாள். பிறகு, "எடுத்துடும்மா. இங்க மாமனாரெல்லாம் யாரும் இல்ல," என்றாள்.

உள்ளே பார்த்துவிட்டு டாக்டர் மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி அளந்தாள். சில இடங்களில் கம்பி போய்க்கொண்டே இருந்தது. சர்க்கரை உண்டா என்று கேட்டாள். இல்லை. புகையிலை? அதுவும் இல்லை. எத்தனை பிள்ளை என்று கேட்டதும் அக்ஜமால் தானாகவே, பிள்ளைக்கு ஒரு பல் போகும் என்பார்களே, அதுதானே என்றாள். டாக்டருக்குக் கோபம் வரவில்லை. கோபப்படத் தெம்பில்லாத களைப்பு அவளுக்கு.

"எவ பெத்ததும் எவ பல்லையும் தின்னது இல்ல. நாமதான் பிள்ளை மேல பழியப் போட்டுட்டுச் சும்மா இருந்துடுறோம்."

பிறகு பொறுமையாகச் சொன்னாள். பல்லின் மேல் தினமும் வழவழவென்று ஓர் அழுக்கு படிகிறது. அன்றன்றைக்குத் துடைத்துவிட்டால் போய்விடும். விட்டுவிட்டால் கெண்டியின் அடியில் நம் ஊர்த் தண்ணீர் கெட்டிப்படுகிறதே, அதுபோல் கல்லாகிவிடும். அந்தக் கல் ஈறுக்கு அடியில் இறங்கினால் ஈறு வீங்கும், தொட்டால் ரத்தம் வரும். வலி அதிகம் இருக்காது, அதனால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். சத்தமில்லாமல் அடியில் எலும்பு கரைந்துகொண்டே போகும். கரைந்த எலும்பு திரும்பி வராது. துணியைக் கடித்ததால் இது வரவில்லை. ஆனால் வந்ததை யார் கண்ணிலும் படாமல் துணி காப்பாற்றிவிட்டது.

அக்ஜமால் மாதுளைத் தோலைப் பற்றிச் சொன்னாள். ரத்தம் வந்ததால் தேய்ப்பதை நிறுத்திய கதையையும் சொன்னாள். டாக்டர் கண்ணை ஒரு முறை மூடித் திறந்தாள்.

"எல்லாரும் பண்றதுதான். ரத்தம் வந்தா விட்டுடக் கூடாதும்மா. ரத்தம் வர்ற இடத்துலதான் அழுக்கு உக்காந்திருக்கு. அங்கதான் மெதுவா, விடாம தேய்க்கணும். ரெண்டு வாரத்துல ரத்தம் தானா குறையும்."

கீழ்வரிசை முன்பற்கள் இரண்டும் மிஞ்சாது, எடுத்தாக வேண்டும். மேல்வரிசையில் முன்பல் நாலும் ஆட்டம் கண்டிருக்கிறது. ஆனால் அதைப் பிடித்து நிறுத்தலாம். ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் இருக்கிற கல்லையெல்லாம் சுரண்டி எடுத்து, நாலைந்து தடவையாகச் சுத்தம் செய்யலாம். பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும். ஆனால் இதெல்லாம் பாதிதான் என்றாள் டாக்டர். மற்ற பாதி வீட்டுக் குழாயடியில் நடக்க வேண்டும். காலையிலும் இரவிலும் நிதானமாகத் தேய்க்க வேண்டும், பல் இடுக்குகளில் இந்தக் குட்டி பிரஷ்ஷை விட்டு எடுக்க வேண்டும், கொப்பளிக்க வேண்டும். அது நடக்காவிட்டால் தான் செய்வது அத்தனையும் வீண்.

குழாயடி என்றதும் அக்ஜமாலின் முகம் போன போக்கைப் பார்த்து டாக்டர் என்ன என்று கேட்டாள். தயங்கித் தயங்கிக் கட்டில் கதை வெளியே வந்தது.

"மனுஷன் எந்திரிக்கவே மாட்டாரா?"

"தொழுகைக்கு எந்திரிப்பார்."

"சரி, அப்பப் போய்த் தேய்க்கிறது."

"தொழுகைக்கு முன்னாடி அந்தக் குழாயிலதான் கை கால் கழுவுவார்."

டாக்டர் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு அந்தச் சிரிப்புக்காகச் சங்கடப்பட்டவள்போல் ஊசி மருந்தை எடுக்கத் திரும்பினாள். அன்றைக்கே இரண்டு பல்லும் போயின. பல் போன இடத்தை அக்ஜமால் துணியால் மறைத்துக்கொண்டு, வாயில் பஞ்சோடு, நாலு முழம் பட்டும் வாங்கிக்கொண்டு வீடு வந்தாள். பட்டு நன்றாக இருக்கிறது என்றாள் துவாக்பீபீ.

அதற்குப் பிறகு ஊசிநூல், கண்ணாடிக் கிண்ணம், சரிகை என்று கல்யாணச் சாமான் வாங்குகிற சாக்கில் மூன்று முறை போய் வந்தாள். ஒவ்வொரு முறையும் வாயில் ஒரு பக்கம் மரத்துப்போகும், சுரண்டுகிற சத்தம் மண்டைக்குள் கேட்கும், வீட்டுக்கு வந்ததும் மாவு பிசைய வேண்டும். வீக்கம் வடிந்தது. ஆனால் வீட்டில் நடக்க வேண்டிய பாதி நடக்கவில்லை. பழையபடி கொட்டகைக்குப் பின்னால் கூஜாவோடு போனாள். கல்யாண வேலைக்கு வந்த உறவுக்காரிகள் கொட்டகைக்குப் பின்னாலும் நின்றார்கள். ஒரு நாள் முடிந்தது, இரண்டு நாள் முடியவில்லை. கடைசியாகப் போனபோது டாக்டர் கண்ணாடியைக் கையில் கொடுத்து, மேல்வரிசை இடுக்குகளில் மறுபடி படிந்திருப்பதைக் காட்டினாள்.

"உன் மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா இப்படியே போனா மேல் நாலும் போயிடும். அடுத்த வருஷம் இந்நேரம் உனக்குக் கடிக்கப் பல்லு இருக்காது. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

அக்ஜமாலுக்கு வயது முப்பத்தாறு. மேல் நாலு பல் என்பது சின்ன விஷயமில்லை. வீடு வரும் வழியெல்லாம் நாக்கால் அவற்றை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தாள்.

அன்று மாலை கொட்டகைக்குள்ளேயே, மாட்டின் மறைவில் குந்தி உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தபோது துவாக்பீபீ பால் செம்போடு உள்ளே வந்துவிட்டாள். மருமகள் வாயில் நுரையோடு உறைந்துபோனாள். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. மாமியார் ஒரு கணம் பார்த்தாள். செம்பைக் கீழே வைத்தாள்.

"துப்பு. அதையும் முழுங்கிடாதே."

அக்ஜமால் துப்பினாள். வைக்கோல் மேல் இளஞ்சிவப்பாக விழுந்தது. மாமியாருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டியதுதான் என்று தோன்றியது. டாக்டர், ஊசி, பிடுங்கிய பல், மேல்வரிசை எல்லாவற்றையும் சொன்னாள்.  துவாக்பீபீ கேட்டுவிட்டுத் தன் வாயில் கைவிட்டு மேலும் கீழுமாகப் பல்செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். முகம் உள்ளே போய், திடீரென்று வேறு யாரோ நிற்பதுபோல் இருந்தது. பிறகு அதை மாட்டிக்கொண்டு, தானும் இதே கொட்டகையில் இதே மூலையில்தான் ஒளிந்து தேய்த்தவள் என்றும், அப்போது குழாய் கிடையாது, கால்வாய்க்கரையில் தன் மாமனாரும் அவர் கூட்டாளிகளும் உட்கார்ந்திருப்பார்கள் என்றும் சொன்னாள். உன் வயதில் எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்றாள்.

அக்ஜமாலுக்கு ஏதோ இடறியது.

"அப்படின்னா உங்களுக்குத் தெரியுமா அத்தை? நான் எதுக்குத் துணிய வெச்சேன்னு?"

"பக்கத்துல உக்காந்து மாவு பிசையுறவளுக்கு வாடை தெரியாதா?"

"எப்பலேருந்து?"

"மொதல் நாள்லேருந்து."

மாடு வாலைச் சுழற்றியது. நாலு வருஷம். ஒவ்வொரு விருந்திலும் மேலிடத்தில் உட்கார்ந்து, யாரும் சொல்லல, அவளாவே வெச்சுக்கிட்டா என்று சொன்னது தெரிந்தேதான் சொன்னதா? அக்ஜமாலுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. கத்தியிருக்கலாம். கத்தவும் அலுப்பாக இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டாள்.

துவாக்பீபீ மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். பொய் சொல்லவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"என் மாமியார் சாகுற வரைக்கும் என்னைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை பேசினதில்லம்மா. ஊர்ல ஒருத்தரும் பேசினதில்ல. உன்னால வந்துச்சு. விட மனசு வரல."

அதோடு நிறுத்தியிருந்தால் அக்ஜமால் ஒருவேளை அழுதுவிட்டு மன்னித்திருப்பாள். ஆனால் மாமியார் இன்னும் கொஞ்சம் சொன்னாள். கல்யாணம் முடியட்டும் என்றாள். புது மருமகள் வருகிற நேரத்தில் மூத்தவள் துணியை எடுத்தால் வீட்டில் சண்டை என்று ஊர் பேசும். கல்யாணம் முடிந்து விருந்தாளிகளெல்லாம் போகட்டும், குளிர் வரட்டும், அவர் உள்ளே போய் உட்காருவார், அப்போது பார்த்துக்கொள்ளலாம். அவர் உள்ளே போனாலும் ஜன்னல் குழாயைத்தான் பார்த்திருக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அப்போது என்பது வரவே வராது என்பதும் தெரியும்.

மறுநாள் காலை வெயில் முற்றத்துக்கு வந்துவிட்டது. அமான்கெல்தி கட்டிலில் சாய்ந்து முதல் கிண்ணம் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். சல்லடை இரவல் கேட்டு வந்த ஒகுல்கெரெக் வாசலில் நின்று துவாக்பீபீயோடு பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு வழக்கம்போல மருமகள்களைப் பற்றியது. அக்ஜமால் உள்ளேயிருந்து வந்தாள். கையில் பிரஷ், பற்பசை, டாக்டர் கொடுத்த குட்டி பிரஷ். முக்காடு தலையில் இருந்தது. நுனி வாயில் இல்லை, தோளில் கிடந்தது.

 வீரமெல்லாம் ஒன்றும் இல்லை. மேல் நாலு பல் வேண்டும், அவ்வளவுதான். குழாயைத் திறந்தாள். குனிந்து தேய்க்கத் தொடங்கினாள். டாக்டர் சொன்னபடி, ரத்தம் வருகிற இடத்தில் மெதுவாக, விடாமல் தேய்த்தாள். வாசலில் பேச்சு நின்றுபோனது. துவாக்பீபீ சல்லடையோடு ஓடி வந்து கட்டிலுக்கும் குழாய்க்கும் நடுவில் நின்று பாவாடையை அகலமாக விரித்தாள். மறைப்பதற்கு அவளுக்குத் தெரிந்த வழி அதுதான்.

அக்ஜமால் துப்பினாள். குழாயடி வாய்க்காலில் ஓடிய தண்ணீர் சிவந்து, மாமியாரின் காலைத் தாண்டி, கட்டிலின் காலடி வழியாகப் போனது. கிழவர் அதைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, பாவாடையைத் தாண்டி மருமகளைப் பார்த்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவள் முகத்தை முழுசாகப் பார்த்திருப்பார். கன்னம் ஒட்டி, வாயில் நுரையோடு, கீழ்வரிசையில் ஓட்டையோடு, அசிங்கமாகத்தான் இருந்திருக்கும்.

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். முட்டிக்காலில் கையை ஊன்றிப் பக்கவாட்டில் நகர்ந்தார், தலையணையை எடுத்து அந்தப் பக்கம் போட்டார், கெண்டியை இழுத்துக்கொண்டார், முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார். இப்போது அவருக்கு எதிரே கொட்டகையின் மண்சுவர்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு தேநீரை ஒரு வாய் குடித்தார்.

"எத்தனை நாளா இப்படி?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

துவாக்பீபீ வாயைத் திறந்தாள். வழக்கம்போல் அவள்தானே பதில் சொல்ல வேண்டும்.  ஒகுல்கெரெக் வேறு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு வருஷமா," என்றாள் கடைசியில்.

"நான் எனக்கு மரியாதை பண்றான்னுல்ல நெனச்சேன்." கிழவரின் குரலில் கோபமில்லை. சோர்வுதான் இருந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே திரும்பி உக்காந்திருப்பேனே. இதுல என்ன இருக்கு?"

இதுல என்ன இருக்கு. அக்ஜமாலுக்கு அந்த வார்த்தைதான் நெஞ்சைப் பிளந்தது. தலையணை ஒன்றும் கெண்டி ஒன்றும் நகர்ந்தால் முடிகிற காரியம். அதற்காக இரண்டு பல் போயிற்று, புருஷன் சுவரைப் பார்த்துப் படுத்தான், மகள் பேசாதே என்றாள், ரத்தத்தோடு ரொட்டியைத் தின்றாள். தண்ணீரைக் கையில் ஏந்தி வாயைக் கொப்பளித்தாள். அவரோடு ஒரு நாளும் பேசியதில்லை. பேசப்போகிறோம் என்று நினைத்துப் பேசவும் இல்லை. வாய் காலியானதும் வந்துவிட்டது.

"யாரு சொல்றது மாமா?"

கிழவரின் முதுகு அசையவில்லை. கிண்ணம் மட்டும் பாதி வழியில் நின்றது. துவாக்பீபீ விரித்துப் பிடித்திருந்த பாவாடை கையிலிருந்து நழுவிக் கீழே இறங்கியது. ஒகுல்கெரெக் சல்லடை வாங்க வந்ததையே மறந்துவிட்டாள்.  

அக்ஜமால் இன்னும் கொஞ்சம் பசையைப் பிதுக்கிக்கொண்டாள். மேல்வரிசையின் உள்பக்கம் இன்னும் பாக்கி இருந்தது.